இரும்புத் திருடர்கள்!

2009-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அமெரிக்காவில் சிகாகோ நகரம்.

அங்கே ஒரு பல்கலைக் கழகத்தில் கிருமிகளை ஆராய்ந்து வந்தார் ஒருவர். வயது 60. நீரிழிவு நோய்க்காரர். அவருக்குக் காய்ச்சல் கண்டது. இருமல், உடம்பு வலி. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, 10-ந் தேதி டாக்டரிடம் போனார். புளூ காய்ச்சலாக இருக்கும் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். அது ஊரெல்லாம் புளூ பரவிக் கொண்டிருந்த வருஷம்.

13-ந் தேதி மூச்சு முட்டியது. ஆம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அன்றே உயிர் பிரிந்துவிட்டது.

அவருடைய ரத்தத்தைச் சோதித்தவர்கள் திடுக்கிட்டார்கள். அதில் இருந்தது பிளேக் கிருமி!

பிளேக் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1896-ல் பம்பாயில் நுழைந்து, அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போன நோய் அது. எலி செத்து விழுந்தால் ஊரையே காலி செய்துகொண்டு ஜனங்கள் வயல்வெளியில் குடிசை போட்டுத் தங்கிய காலம் அது.

ஆனால் சிகாகோக்காரர் ஆராய்ந்து வந்த கிருமி அந்தப் பழைய கொலைகாரன் அல்ல. அது பல் பிடுங்கிய பாம்பு. அந்த ரகக் கிருமியால் அதுவரை மனிதர் யாரும் செத்ததாகத் தகவல் இல்லை. அமெரிக்க அரசாங்கத்தின் ஆபத்தான கிருமிகள் பட்டியலிலிருந்தே அதற்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். அதே பல்லை இழந்த இன்னொரு பிளேக் கிருமியை, மடகாஸ்கர் தீவில் ஜிரார், ரோபிக் என்ற பிரெஞ்சு டாக்டர்கள் 1930-களில் தடுப்பு ஊசியாகவே லட்சக்கணக்கான ஜனங்களுக்குப் போட்டிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட சாதுக் கிருமி ஒரு மனிதரை எப்படிக் கொன்றது? அதனிடமிருந்து பிடுங்கப்பட்ட பல் எது?

அந்தப் பல், இரும்பைத் திருடும் பல்!

உடம்புக்குள்ளே ஓர் ஆணி

வளர்ந்த ஒரு மனிதனின் உடம்பில் 3 அல்லது 4 கிராம் இரும்பு இருக்கிறது. உருக்கி எடுத்தால் ஒரு சின்ன ஆணி செய்யலாம். அவ்வளவுதான்! அதிலும் மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்தின் சிவப்பு அணுக்களில் இருக்கிறது. நாம் இழுக்கும் மூச்சிலிருந்து பிராண வாயுவைப் பிடித்து உடம்பெங்கும் கொண்டுபோய்க் கொடுப்பது இந்த இரும்புதான்.

"இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை?" என்று பழமொழி சொல்வார்கள். இரும்பு இருக்கிற இடத்தில் கிருமிக்கு நிறைய வேலை இருக்கிறது. கிருமியும் ஓர் உயிர். அது சுவாசிக்க வேண்டும். உணவை எரித்துச் சக்தி உண்டாக்க வேண்டும். ஒன்று இரண்டாகப் பெருக வேண்டும். இத்தனைக்கும் இரும்பு தேவை. நம் குடலில் வாழும் 'ஈ. கோலி' என்ற பாக்டீரியா, வசதி கிடைத்தால் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். அப்படி ஒரு தடவை இரண்டாவதற்கு லட்சக்கணக்கான இரும்பு அணுக்கள் வேண்டும். சர்க்கரை எவ்வளவு கொட்டிக் கிடந்தாலும் சரி, இரும்பு இல்லாவிட்டால் பெருக்கம் நின்றுவிடும்.

நம் ரத்தத்தில் குதித்த கிருமிக்கு இரும்புக்குப் பஞ்சம் இருக்காது என்றுதான் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறு. கடலில் மிதப்பவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காத கதைதான்! ரத்தத்தில் இரும்பு இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் அணுவும் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

சிவப்பு அணுவுக்குள் இருப்பது ஒரு பூட்டு. மிச்சத்தை ஈரலில் 'பெர்ரிடின்' என்ற புரதப் பெட்டிக்குள் வைத்திருக்கிறது உடம்பு. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இரும்பை எடுத்துப் போக வேண்டுமானால், அதற்கென்று ஒரு வண்டி இருக்கிறது. 'டிரான்ஸ்பெர்ரின்' என்பது அதன் பெயர். ஒவ்வொரு வண்டியிலும் இரண்டே இடம். இரண்டு இரும்பு அணுக்கள் உட்காரலாம். ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் இந்த இடங்களில் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கும். மற்றவை காலி!

இத்தனை காலி இடத்தை எதற்காக வைத்துக்கொண்டு ஓட வேண்டும்? வழியில் ஓர் இரும்பு அணு தனியாகச் சுற்றினால் அதை உடனே அள்ளிப் போட்டுக்கொள்ளத்தான். திருடன் கண்ணில் காசு படக்கூடாது அல்லவா?

இந்தக் காலி இடங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிகாகோ மர்மத்துக்கு அது தேவைப்படும்.

முட்டை சொன்ன ரகசியம்

இந்தப் பூட்டுச் சங்கதி முதலில் வெளிவந்தது மனிதனிடமிருந்து அல்ல. கோழி முட்டையிலிருந்து!

கோழி 21 நாள் அடைகாக்கிறது. முட்டை கிடப்பது குப்பையிலும் எச்சத்திலும். ஓட்டிலோ கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக் கணக்கில். உள்ளே சத்தான உணவு. வெளியே அடைகாக்கும் சூடு. கிருமிக்கு இதைவிடச் சொர்க்கம் உண்டா? இருந்தும் நல்ல முட்டை அவ்வளவு எளிதில் அழுகுவதில்லை. ஏன்?

ஆர்தர் ஷேட், லியோனா கரோலின் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1944-ல் இதற்குப் பதில் சொன்னார்கள். முட்டையின் வெள்ளைக் கருவில் சீதபேதிக் கிருமியை விட்டார்கள். வளரவில்லை. சீழ் உண்டாக்கும் கிருமியை விட்டார்கள். அதுவும் வளரவில்லை. பிறகு வெள்ளைக் கருவில் பலவித உலோக உப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். எதற்கும் அசையாத கிருமிகள், இரும்பைச் சேர்த்ததும் குபீரென்று பெருகின!

வெள்ளைக் கருவில் இரும்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம் இருக்கிறது. கிருமிகளை அது குத்துவதுமில்லை, கொல்லுவதுமில்லை. சோற்றை எடுத்து ஒளித்து வைத்துவிடுகிறது. அவ்வளவுதான். குஞ்சுக்கு வேண்டிய இரும்பெல்லாம் நடுவே மஞ்சள் கருவில் பத்திரமாக இருக்கிறது. கோட்டைக்குள் தானியக் களஞ்சியம். சுற்றிலும் பொட்டல் காடு. கோழி கட்டிய கோட்டை இது!

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1946-ல், மனித ரத்தத்திலும் அப்படி ஒரு புரதம் இருப்பதை அதே இருவரும் காட்டினார்கள். நாம் பார்த்தோமே, இரண்டு இடமுள்ள வண்டி, அதுதான்!

அதன் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் நம் கண்ணீரிலும் எச்சிலிலும் தாய்ப்பாலிலும் இருக்கிறான். 'லாக்டோபெர்ரின்' என்று பெயர். பிரசவமான முதல் சில நாட்களில் சுரக்கும் சீம்பாலில் அது இன்னும் அதிகம். மஞ்சளாக, திரிதிரியாக இருக்கிறது என்று சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே கொட்டிவிட்டு, பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. கொட்டப்படுவது குழந்தையின் முதல் காவலாளி என்பது அந்தப் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

காய்ச்சல் வந்துவிட்டால் உடம்பு இன்னும் உஷாராகிறது. ஈரல் 'ஹெப்சிடின்' என்ற ஒரு சிறிய சுரப்பை ரத்தத்தில் விடுகிறது. அது போடும் கட்டளை இதுதான்: "களஞ்சியங்களை மூடு! குடலில் இரும்பு எடுப்பதைக் குறை!" சில மணி நேரத்துக்குள் ரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவு சரிகிறது. நோயாளி வெளுத்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தச் சுரப்பைக் கண்டுபிடித்தது 2000-ஐ ஒட்டித்தான். ஆனால் 19-ஆம் நூற்றாண்டிலேயே பாரீஸ் நகரத்து டாக்டர் துரூசோ, க்ஷயரோகிகளுக்கு இரும்பு டானிக் கொடுப்பதால் அடங்கியிருந்த நோய் கிளம்பிவிடும் என்று தம் மாணவர்களை எச்சரித்திருக்கிறார். காரணம் தெரியாமலே கையில் பிடித்த உண்மை!

கிருமிக்குச் சோறு போடாமல் பட்டினி போட்டு விரட்டும் இந்தத் தந்திரத்துக்கு 1975-ல் அமெரிக்க விஞ்ஞானி யூஜின் வெயின்பெர்க் ஒரு பெயர் வைத்தார். 'உணவுவழிக் காப்பு' என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

கிருமி வீசும் தூண்டில்

பூட்டைக் கண்டு திரும்பிப் போகிறவன் திருடன் அல்ல.

கிருமிக்குள்ளே ஒரு காவல்காரப் புரதம் இருக்கிறது. இரும்பு தாராளமாகக் கிடைக்கும்போது அந்த இரும்பிலேயே கொஞ்சம் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அது சில மரபணுக்களின் மேல் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும். அந்த மரபணுக்கள் வேலை செய்யா. இரும்பு குறைந்ததும் ஒட்டிய இரும்பு கழன்றுவிடும். காவல்காரன் எழுந்து போய்விடுவான். அதுவரை அடைந்து கிடந்த மரபணுக்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு? எப்போதுமே இரும்பை வாரிக்கொண்டிருந்தால் என்ன? முடியாது. இரும்பு மிதமிஞ்சினால் கிருமிக்கும் விஷம். பிராண வாயுவோடு சேர்ந்து அது உண்டாக்கும் பொருள்கள் உயிரணுவை உள்ளிருந்தே அரித்துவிடும். ஆகையால் கிருமியும் அளந்துதான் சாப்பிட வேண்டும்.

விழித்துக்கொண்ட மரபணுக்கள் என்ன செய்கின்றன? தூண்டில் முள் தயாரிக்கின்றன! இரும்பைக் கவ்வும் மிகச் சிறிய ரசாயனப் பொருள்களைக் கிருமி வெளியே துப்புகிறது. 'சிடரோபோர்' என்று அவற்றுக்குப் பெயர். கிரேக்க மொழியில் 'இரும்பு சுமப்பது' என்று அர்த்தம். ஈ. கோலியும் அதன் உறவுக்காரக் கிருமிகளும் வீசும் தூண்டிலை 1970-ல் கண்டுபிடித்தார்கள். அதன் பிடி அசாத்தியமானது. நம் ரத்த வண்டியில் உட்கார்ந்திருக்கும் இரும்பையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்! பிடுங்கிய இரும்போடு தூண்டில் திரும்பி வந்ததும், அதற்கென்றே உள்ள வாசல் திறந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது.

நம் உடம்பு சும்மா இருக்குமா? வெள்ளை அணுக்கள் ஒரு கிண்ணம் போன்ற புரதத்தை வெளியிடுகின்றன. தூண்டில் முள் வந்து அந்தக் கிண்ணத்தில் சிக்கிக்கொள்ளும். கிருமி வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்.

சால்மோனெல்லா என்ற கிருமிக் கூட்டம் இதற்கும் பதில் வைத்திருக்கிறது. டைபாய்டு காய்ச்சலைக் கொடுப்பது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அதே தூண்டில் முள்ளின் மேல் இரண்டு சர்க்கரைத் துண்டுகளை ஒட்டி அனுப்புகிறது! உருவம் பெருத்துவிடுவதால் கிண்ணத்துக்குள் முள் நுழையாது. வேஷம் போட்டுக்கொண்டு தப்பி வந்துவிடுகிறது.

மூளைக் காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் என்ற கிருமி தூண்டிலே செய்வதில்லை. வண்டியையே நேராகப் பிடித்து நிறுத்தி மூட்டையை இறக்கிக்கொள்கிறது. இந்த வழிப்பறி இன்று நேற்று வந்ததல்ல. குரங்கு இனங்களின் டிரான்ஸ்பெர்ரினை ஒப்பிட்டுப் பார்த்த யூட்டா பல்கலைக் கழக விஞ்ஞானிகள், 2014-ல் ஓர் ஆச்சரியத்தைச் சொன்னார்கள். கிருமி கை வைக்கும் அந்த இடங்கள்தான் சுமார் 4 கோடி ஆண்டுகளாக மாறி மாறி வந்திருக்கின்றன. கள்வன் சாவி செய்யச் செய்ய, வீட்டுக்காரன் பூட்டை மாற்றிக்கொண்டே வந்த கதை!

சிகாகோ மர்மம் விலகுகிறது

இப்போது பிளேக்குக்கு வருவோம்.

1956-ல் இங்கிலாந்தில் ஜாக்சன், பர்ரோஸ் என்ற இருவர் பிளேக் கிருமியை ஆராய்ந்தார்கள். ரத்தச் சாயம் கலந்த தட்டில் வளர்த்தால் கொடிய பிளேக் கிருமி கருத்த நிறம் கொள்ளும். சில கிருமிகள் மட்டும் வெளுத்தே இருந்தன. வெளுத்த கிருமியை எலிகளுக்கு ஊசி போட்டார்கள். எலிகள் சாகவில்லை. பிறகு வெளுத்த கிருமியோடு இரும்பு உப்பையும் சேர்த்துப் போட்டார்கள். எலிகள் செத்தன!

அந்த வெளுத்த கிருமி எதை இழந்தது என்பது 1990-களில் தெளிவாயிற்று. பிளேக் கிருமிக்கும் ஒரு தூண்டில் உண்டு. அதைச் செய்யும் மரபணுக்களும், கருநிறம் தரும் மரபணுக்களும் அக்கம்பக்கத்தில் குடியிருக்கின்றன. கருநிறக் கூட்டம் உதவுவது தெள்ளுப் பூச்சியின் வயிற்றில். அங்கே கிருமிகளை ஒட்ட வைத்து அடைப்பை உண்டாக்கும். வயிறு அடைத்த பூச்சி பசி தாங்காமல் கண்டவரையெல்லாம் கடிக்கும். தூண்டில் உதவுவது கடி வாங்கிய பிராணியின் ரத்தத்தில். பூச்சிக்கு ஒரு கருவி, நமக்கு ஒரு கருவி! மரபணுச் சரத்தில் அந்தத் துண்டு அறுந்து விழும்போது இரண்டும் ஒன்றாகப் போய்விடுகின்றன.

சிகாகோக் கிருமி அப்படித் துண்டு இழந்த கிருமி. தூண்டில் இல்லாத அது, பூட்டிய ரத்தத்தில் பட்டினி கிடந்து மடிந்திருக்க வேண்டும். மற்றவர் உடம்பானால் அப்படித்தான் ஆகியிருக்கும்.

ஆனால் இறந்தவரின் உடலைப் பரிசோதித்தபோது டாக்டர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். அவருடைய ஈரலில் இரும்பு குவிந்து கிடந்தது! அவருக்கு 'ஹீமோகுரோமடோசிஸ்' என்ற பரம்பரை வியாதி இருந்திருக்கிறது. அது அவருக்கே தெரியாது. இந்த வியாதிக்காரர்களுக்கு, களஞ்சியத்தை மூடச் சொல்லும் ஹெப்சிடின் போதிய அளவு சுரப்பதில்லை. சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து வேண்டியதற்கு மேல் இரும்பு சேர்ந்துகொண்டே போகும். ரத்த வண்டிகளில் காலி இடமே இராது. ஏற இடமில்லாத இரும்பு வீதியில் நிற்கும்.

தூண்டில் இல்லாத கிருமிக்கு அங்கே தூண்டிலே தேவைப்படவில்லை. மீன் தானாகக் கரையேறி வந்து விழுந்தது!

அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2011-ல் வெளியிட்ட அறிக்கை, மரணத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணமாயிருக்கலாம் என்று சொல்லுகிறது. கிருமி அவர் உடம்பில் எப்படி நுழைந்தது என்பது மட்டும் கடைசிவரை துலங்கவில்லை. எலிகளிடம் 1956-ல் செய்து பார்த்த சோதனை, 53 வருஷம் கழித்து ஒரு மனிதரிடம் தானாகவே நடந்துவிட்டது.

அந்தப் பரம்பரை வியாதி வடக்கு ஐரோப்பியரிடமும் அவர்கள் வழி வந்தவர்களிடமும்தான் அதிகம். அதை உண்டாக்கும் மரபணு மாறுதல் நம் நாட்டில் மிக அபூர்வம். அதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? அவ்வப்போது ஊசி குத்தி ரத்தத்தை வெளியே எடுத்துவிடுவது! புது ரத்தம் ஊற உடம்பு தன் இரும்புக் குவியலைச் செலவழிக்கும்.

பசி வந்தால் கொலை

எல்லாக் கிருமியும் தூண்டிலோடு நிற்பதில்லை.

தொண்டை அடைப்பான் என்ற டிப்தீரியா ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு குழந்தைகளைப் பலி வாங்கிய நோய். அந்தக் கிருமி தொண்டையில் உட்கார்ந்து ஒரு விஷத்தைக் கக்குகிறது. விஷம் இருதயத்தைத் தாக்கும். 1936-ல் பேப்பன்ஹைமர் என்ற அமெரிக்கர், கிருமி வளரும் கஷாயத்தில் இரும்பு அதிகமானால் விஷம் உண்டாவதில்லை என்று காட்டினார். இரும்பு வற்றினால்தான் விஷம்! இங்கேயும் அதே போன்ற ஒரு காவல்காரன்தான். இரும்பு தீர்ந்து அவன் எழுந்து போனதும், விஷத்தின் மரபணு விழித்துக்கொள்கிறது. பக்கத்து உயிரணுக்களைக் கொன்றால் அவற்றிலுள்ள சத்து சிந்தும் அல்லவா?

நம் வீட்டுக் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு ஊசியில் டிப்தீரியாவுக்கு உரிய பகுதி இருக்கிறதே, அதைத் தயாரிப்பதும் இந்தச் சூட்சுமத்தால்தான். தொழிற்சாலையில் கிருமியை இரும்புக்குப் பட்டினி போடுகிறார்கள். அது விஷத்தைக் கக்குகிறது. அந்த விஷத்தை மருந்தால் முறித்துச் சாதுவாக்கி ஊசியில் அடைக்கிறார்கள்.

இரும்பே வேண்டாம் என்று துறவு பூண்ட கிருமி ஒன்றும் உண்டு! அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உண்ணி கடிப்பதால் பரவும் லைம் நோய்க் கிருமி அது. இரும்பு செய்யும் வேலைகளில் சிலவற்றை விட்டுவிட்டது. சிலவற்றுக்கு மாங்கனீஸ் என்ற உலோகத்தை அமர்த்திக்கொண்டது. 2000-ல் இதை அறிவித்தார்கள். பூட்டி வைத்தவன் முகத்தில் கரி!

ஆனால் உடம்பு மாங்கனீஸையும் துத்தநாகத்தையும்கூட ஒளிக்கிறது. முழங்காலில் ஒரு கட்டி வந்து சீழ் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே லட்சக்கணக்கான வெள்ளை அணுக்கள் வந்து சாகின்றன. சாகும்போது 'கால்புரோடெக்டின்' என்ற புரதத்தைக் கொட்டிவிட்டுச் சாகின்றன. அவற்றின் உள்நீரில் கரைந்துள்ள புரதத்தில் ஏறக்குறைய பாதி அதுதான்! அந்தப் புரதம் மாங்கனீஸையும் துத்தநாகத்தையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். எலிகளின் சீழ்க் கட்டியில் உலோகங்களைப் படம் பிடித்துப் பார்த்தபோது, சுற்றிலும் மாங்கனீஸ் இருக்க, கட்டிக்குள் மட்டும் அது இல்லாததை 2008-ல் கண்டார்கள்.

இதற்கு நேர் எதிரான தந்திரமும் உடம்பிடம் இருக்கிறது. கிருமியை விழுங்கிய வெள்ளை அணு, அதன்மேல் செம்பையும் துத்தநாகத்தையும் மிதமிஞ்சிக் கொட்டி விஷமாக்குகிறது. பட்டினி போட்டுக் கொல். அல்லது ஊட்டியே கொல்! செம்புக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு. பெங்களூரில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2012-ல் வெளிவந்தது. வயிற்றுப்போக்குக் கிருமிகள் கலந்த தண்ணீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்திருந்தார்கள். பிறகு சோதித்தால் உயிருள்ள கிருமி அகப்படவில்லை. க்ஷயரோகக் கிருமி மட்டும் லேசில் மசியாது. மேலே கொட்டும் செம்பை வெளியே இறைத்துவிட அதனிடம் பம்புகள் இருக்கின்றன.

அப்படியானால் இரும்பு மாத்திரை?

படிக்கும்போதே தாய்மார்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். இரும்பு கிருமிக்குச் சோறு என்றால், ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை விழுங்கலாமா?

விழுங்க வேண்டும். நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று 2019-21-ல் எடுத்த அரசாங்கக் கணக்கு சொல்லுகிறது. அவர்கள் உடம்பில் இரும்பு மிஞ்சிக் கிடக்கவில்லை, வற்றிக் கிடக்கிறது. இரும்பு வற்றினால் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் சோர்ந்து போகும். பிரசவத்தில் ரத்தம் போனால் தாங்காது. மாத்திரையை ஜன்னல் வழியே எறிகிறவர்கள் இந்தக் கட்டுரையைச் சாக்காகச் சொல்ல வேண்டாம்!

ஆனால் நேரம் காலம் உண்டு. ஆப்பிரிக்கக் கரையில் உள்ள பெம்பா தீவில் மலேரியா அதிகம். அங்கே சின்னக் குழந்தைகளுக்கு இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்ட குழந்தைகளிடையே ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் மரணமும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2006-ல் அந்த முடிவு வெளிவந்தது. மலேரியாவை உண்டாக்குவது பாக்டீரியா அல்ல, வேறு வகை உயிர். இரும்பு ஆசை அதற்கும் உண்டு. மலேரியா உள்ள ஊர்களில் மலேரியாவைத் தடுக்கவும் தீர்க்கவும் ஏற்பாடு செய்துகொண்டு, அதோடு சேர்த்து இரும்பு கொடுங்கள் என்பதுதான் இப்போது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை.

எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைக்கு முதல் வாரத்தில் இரும்பு கொடுக்கக் கூடாது என்பதும் அந்த நிறுவனத்தின் விதி. முதலில் நோய்க் கிருமிக்கு மருந்து. பிள்ளைக்குப் பசி எடுத்து, எடை ஏறத் தொடங்கிய பிறகுதான் இரும்பு. "பிள்ளை இப்படி வெளுத்திருக்கிறதே, ரத்தம் ஊற டானிக் எழுதித் தர மாட்டேன் என்கிறாரே!" என்று டாக்டரை நொந்துகொள்ளும் பெற்றோர் உண்டு. அவர் மறந்துவிடவில்லை. காத்திருக்கிறார்.

மாயமான் வேட்டை

திருடனின் ஆசையை வைத்தே திருடனைப் பிடிக்க முடியுமா என்று மருந்து செய்கிறவர்கள் யோசித்தார்கள்.

ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒரு மருந்து செய்தார்கள். பெயர் 'செபிடெரோகால்'. பென்சிலினுக்குத் தூரத்து உறவான மருந்தோடு, இரும்பைக் கவ்வும் கொக்கி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் போனதும் அது இரும்பைக் கவ்விக்கொள்ளும். பார்வைக்குக் கிருமி வீசிய தூண்டிலே இரை பிடித்துத் திரும்புவது போல இருக்கும். மாயமானைக் கண்ட சீதை போலக் கிருமி மயங்கிவிடும். வாசலைத் திறந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன மருந்து, கிருமி தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்ப முடியாமல் தடுத்துவிடும். சுவர் இல்லாத கிருமி வெடித்துச் சாகும்.

வேறு எந்த மருந்துக்கும் அடங்காத சில கிருமிகளுக்காக 2019 நவம்பரில் அமெரிக்க அரசாங்கம் இதற்கு அனுமதி கொடுத்தது. முதலில் சிறுநீர்ப் பாதையில் வரும் கடுமையான நோய்க்கு. பிறகு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களைத் தாக்கும் நிமோனியாவுக்கு.

மருந்து வந்து சில வருஷங்களே ஆகின்றன. அதற்குள், மருந்து நுழையும் அந்த இரும்பு வாசலைச் சிதைத்துக்கொண்டு, வேறு வாசல்களின் வழியாக இரும்பை வாங்கிப் பிழைத்துவரும் கிருமிகளை நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.